ஜமாஅத் தந்த தாளும் தாசில்தார் தராத தாளும்

(தூத்துக்குடியில் நடந்த வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



'அரசுச் சட்டமும் ஷரீஅத்தும்' என்று தலைப்பு கொடுத்திருக்காங்க. உள்ளே வரும்போது வாசலில் ஒரு தோழர் கேட்டார். "தலித் மேடையில இது எதுக்கு அண்ணாச்சி? அது அவுக வீட்டுப் பிரச்சினைல்லா?" நியாயமான கேள்விதான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. உப்பளத் தொழிலாளர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து எழுதிக் கொடுத்து, சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயத்துக்கு ஆளானவன். 2010-க்குப் பக்கத்தில் ஒரு அக்கா என்னிடம் வந்தார். உப்பளத்தில் வேலை. கால் ரெண்டும் உப்புத் தண்ணியில வெந்து கிடக்கு. கையில் ஒரு பாலிதீன் பை. அதற்குள் ரெண்டு தாள். ஒன்று, வெளியூர் ஜமாஅத் ஒன்றின் லெட்டர்பேடில் வந்த தலாக் தாள். பச்சை மையில் முத்திரை. இன்னார் இன்னாரை இன்ன தேதியில் தலாக் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். இன்னொன்று, மகனுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போட்ட மனு. 'நிராகரிக்கப்பட்டது' என்று குறுக்கே எழுதித் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அவருடைய அப்பா அம்மா எண்பதுகளின் தொடக்கத்தில் இஸ்லாத்துக்குப் போன பள்ளர் குடும்பம். அந்த அக்கா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "இந்தத் தாளு எப்படி உடனே செல்லுது? அந்தத் தாளு ஏன் கிடைக்கவே மாட்டேங்குது?"

நம்ம தலைப்பு இதுதான் தோழர்களே. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இந்தக் கேள்வியை இவ்வளவு சுருக்கமாக நான் பார்த்ததில்லை.

பொதுவாக இந்தப் பேச்சு வந்தால் ரெண்டு அணியாக நின்றுகொள்கிறார்கள். ஒரு பக்கம், அரசுச் சட்டம் நவீனமானது, ஷரீஅத் பழசு, அதை ஒழிக்கணும் என்கிற கூட்டம். அதில் முற்போக்காளர் கொஞ்சம், காவி வேட்டி நிறைய. இன்னொரு பக்கம், ஷரீஅத் இறைவன் சட்டம், அரசு அதில் கை வைக்கக்கூடாது என்கிற கூட்டம். ரெண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். அரசுச் சட்டம் வேறே, ஷரீஅத் வேறே, ரெண்டும் எதிரெதிராக நிற்கின்றன என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையே தப்பு என்பது என் வாதம். இன்றைக்கு இந்திய நீதிமன்றத்துக்குள் 'முஸ்லிம் சட்டம்' என்று நடமாடுவது அரசு பெற்ற பிள்ளை. பெற்றவனே ஊரார் பிள்ளை மாதிரி நடத்துகிறான், அதுதான் கூத்து.

நம்ம கடலையே எடுத்துக்கோங்க. வெள்ளைக்காரன் காலத்தில் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்தால் மூன்றில் இரண்டு பங்கு சிப்பி அரசாங்கத்துக்கு. மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே போனவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. குளித்தவர்களில் கத்தோலிக்கப் பரதவரும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. உங்கள் வேதத்தில் பங்கு எப்படிச் சொல்லியிருக்கு என்று எந்தக் கலெக்டராவது கேட்டானா? கேட்கவில்லை. வரி, நிலம், உப்பு, முத்து, கூலி, குற்றம் எல்லாம் சர்க்கார் சட்டம். கல்யாணம், சொத்துப் பங்கு, பிள்ளை, ஜீவனாம்சம் மட்டும் மதச் சட்டம். வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772-இல் வங்காளத்தில் போட்ட கோடு அது. முத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு பெண்ணை மதத்துக்குக் கொடுத்தான் வெள்ளைக்காரன். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோச்சு. அந்தக் கோடு நிற்கவில்லை.

சரி, எந்த மதச் சட்டம்? வெள்ளைக்கார நீதிபதிக்கு அரபி தெரியாது. 'ஹிதாயா' என்ற ஹனஃபி நூலை 1791-இல் ஆங்கிலத்தில் போட்டார்கள். அதுவும் பாரசீக வழியாக வந்த மொழிபெயர்ப்பு. மூலத்தில் அது அறிஞர்கள் ஒருவரோடொருவர் விவாதிக்கிற நூல். இங்கே அது சட்டப்பிரிவு மாதிரி ஆகிவிட்டது. காயல்பட்டினம், கீழக்கரைக் கடலோர முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ. இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லைங்க. கணவனால் செலவுக்குக் கொடுக்க முடியாவிட்டால் மனைவி பிரிவு கேட்கலாம் என்பது ஷாஃபிஈயில் உண்டு. ஹனஃபியில் அந்த வாசல் சாத்திக் கிடந்தது. அச்சகத்தில் எந்தப் புத்தகம் ஏறியது என்பதைப் பொறுத்து ஒரு பெண்ணின் கதி மாறுகிறது.

அடுத்து காஜி. 1864-இல் ஒரு சட்டம் போட்டுக் காஜி நியமனத்தையே அரசு நிறுத்தியது. நிக்காஹ் பதிய ஆளில்லை என்று மனுக்கள் போக, 1880-இல் காஜிகள் சட்டம் வந்தது. அரசு காஜியை நியமிக்கலாம், ஆனால் அவருக்கு நீதி வழங்கும் அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ கிடையாது என்று அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவே சொல்கிறது. ஆக, அரசு முத்திரையைக் கொடுத்தது, அதிகாரம் இல்லை என்று புத்தகத்துக்குள் எழுதியும் வைத்தது. முத்திரை ஊருக்குத் தெரியும். 4-ஆம் பிரிவு யாருக்குத் தெரியும்? உப்பளத்து அக்காவுக்குத் தெரியுமா?

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கணும். ஷரீஅத்தும் இல்லாமல் அரசுச் சட்டமும் இல்லாமல் மூன்றாவதாக ஒன்று இருந்தது, ஊர் வழக்கம். 1873-ஆம் வருடச் சென்னை சிவில் நீதிமன்றச் சட்டம், முஸ்லிம் சட்டத்தோடு வழக்கத்தையும் ஏற்றுக்கொண்டது. காயல்பட்டினத்துக்குப் போய்ப் பாருங்க. இங்கிருந்து திருச்செந்தூர் பஸ் ஏறினால் ஆத்தூர், ஆறுமுகநேரி தாண்டி இறங்கலாம். அங்கே பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருக்கிறார். மகள்தான் வீட்டில் நிற்கிறாள், மகன் இன்னொரு வீட்டுக்குப் போகிறான். ஆண்கள் கொழும்பு, வளைகுடா என்று கடல் தாண்டிக் கிடக்கிற ஊரில் உம்மாவும் லாத்தாவும் தங்கச்சியும் ஒரே கூரையில் இருக்கிறார்கள். புருஷன் தலாக் சொன்னாலும் அவளைத் தெருவில் இறக்க முடியாது. இறங்கவேண்டியவன் அவன். இலங்கையின் கிழக்குக் கரை முஸ்லிம்களிடமும் இதே மாதிரி தாய்வழிக் குடி முறை உண்டு.

எந்த கிதாபும் இப்படிக் கட்டளை போடவில்லை. எந்தச் சட்டசபையும் போடவில்லை. வாப்பா உயிரோடு இருக்கும்போதே மகளுக்குத் தானமாகக் கொடுத்துவிடுவதால் ஷரீஅத்தும் ஆட்சேபிக்கவில்லை. நான் இதைப் பெரிய பெண் விடுதலையாகப் பாடவில்லை, தப்பா எடுத்துக்காதீங்க. வீடு கட்டிக் கொடுக்க வக்கில்லாத வாப்பாவுக்கு இதே வழக்கம் கழுத்துக் கயிறு. ஆனால் வீடு யார் பேரில் இருக்கிறது என்பது தலாக்கின் அர்த்தத்தையே மாற்றிவிடுகிறது. வாடகைக் குடிசையில் இருந்த நம்ம அக்காவுக்கு அந்தத் தாள் வந்தபோது கூரையும் சேர்ந்து போச்சு.

இந்த வழக்கங்களை எல்லாம் ஓரங்கட்டியது 1937-ஆம் வருட ஷரீஅத் பயன்பாட்டுச் சட்டம். 'மாறான வழக்கம் எது இருந்தாலும்' முஸ்லிம் தனிச்சட்டமே செல்லும் என்று எழுதினார்கள். எழுதியது யார்? பிரிட்டிஷ் இந்தியாவின் மத்திய சட்டசபை. கொண்டுவந்ததில் நியாயமும் இருந்தது. பஞ்சாப் பக்கமெல்லாம் வழக்கம் என்ற பேரில் மகளுக்கு ஒன்றுமே கொடுக்காமல் இருந்தார்கள். ஷரீஅத் வந்தால் மகனுக்குக் கிடைப்பதில் பாதியாவது கிடைக்கும். ஆனால் விவசாய நிலத்தை விட்டுவிட்டார்கள். சொத்து என்று சொல்லத்தக்கது நிலம். அது மட்டும் வெளியே! சென்னை மாகாணத்தில் 1949-இல் திருத்தம் போட்டு விவசாய நிலத்தையும் உள்ளே கொண்டுவந்தார்கள். இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்க. இந்து மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989-இல்தான் வந்தது, இந்தியா முழுக்க 2005-இல். அதற்கு நாற்பது வருஷம் முந்தியே தமிழ் முஸ்லிம் மகளுக்கு நஞ்சையில் பங்கு காகிதத்தில் இருந்தது. கையில் எத்தனை பேருக்கு வந்தது என்பது வேறு கதை. 'இந்துச் சட்டம் திருந்திவிட்டது, இவர்கள்தான் பின்தங்கியவர்கள்' என்று பேசுகிறவர்களிடம் இந்த வருஷங்களைச் சொல்லுங்க.

அம்பேத்கர் இதைச் சரியாகப் பிடித்தார். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பொது சிவில் சட்டம் பற்றிய விவாதம். முஸ்லிம் சட்டம் மாறாதது, எல்லா இடத்திலும் ஒன்றே என்று சில உறுப்பினர்கள் பேசினார்கள். வடமேற்கு எல்லைப்புறத்து முஸ்லிம்கள் 1935 வரை வாரிசு விஷயத்தில் இந்துச் சட்டத்தின் கீழ் இருந்தார்கள், மலபாரில் மாப்பிள்ளைமாருக்கு மருமக்கத்தாயம் இருந்தது என்று அவர் எடுத்துக் காட்டினார். அதே மூச்சில், வருங்காலப் பாராளுமன்றம் விரும்பி ஏற்பவர்களிடமிருந்து தொடங்கலாம் என்ற வழியையும் சொன்னார். இன்றைக்கு அவர் பேரைச் சொல்லிப் பொது சிவில் சட்டம் கேட்கிறவர்கள் முதல் பாதியை மட்டும் படிக்கிறார்கள். இந்துச் சட்டத் தொகுப்பு முடங்கியபோது 1951-இல் அவர் மந்திரி பதவியை விட்டு வெளியே வந்ததை அவர்கள் படிப்பதே இல்லை.

இனி மணவிலக்குக்கு வருவோம். 1939-இல் ஒரு சட்டம் வந்தது, முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டம். அதன் பின்னணி சுவாரசியமானது. ஹனஃபி முறையில் வெளியேற வழியில்லாத வடநாட்டுப் பெண்கள் மதத்தை விட்டால் கல்யாணம் முறியும் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு மதம் மாற ஆரம்பித்தார்கள். உலமாக்கள் பதறிப்போய் மாலிகி மரபிலிருந்து காரணங்களை எடுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டார்கள். பெண்கள் காலால் ஓட்டுப் போட்டார்கள், ஃபிக்ஹு நகர்ந்தது. நாலு வருஷம் கணவன் எங்கே என்று தெரியவில்லையா, ரெண்டு வருஷம் செலவுக்குக் கொடுக்கவில்லையா, நீதிமன்றத்தில் கலைப்பு கேட்கலாம். கப்பலேறிப் போனவன் திரும்பாத கடற்கரைக்கு இதைவிட உபயோகமான சட்டம் உண்டா? நம்ம பெண்களில் எத்தனை பேருக்கு இதைத் தெரியும்?

அதற்கப்புறம் நடந்தது நீங்கள் பேப்பரில் படித்தது, வேகமாகப் போகிறேன். 1985 ஷா பானு தீர்ப்பு. 1986-இல் ராஜீவ் அரசு அதைச் சட்டத்தால் மடக்கியது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாதவளுக்கு உறவினர் கொடுக்கணும், அவர்களாலும் முடியாவிட்டால் வக்ஃபு வாரியம் கொடுக்கணும் என்றது அந்தச் சட்டம். நம்ம தமிழ்நாடு வக்ஃபு வாரியமே 1996-இல் உச்சநீதிமன்றம் வரை போய், ஒவ்வொரு உறவினர் மேலும் தனித்தனியாக வழக்குப் போட்டுவிட்டுத்தான் எங்களிடம் வரவேண்டும் என்று வாதாடித் தோற்றது. விவாகரத்தான ஏழைப் பெண்ணுக்கு எதிராக டெல்லி வரை போக வாரியத்துக்குக் காசு இருந்தது! 2001-இல் டேனியல் லத்தீஃபி வழக்கில், அந்த 1986 சட்டத்தையே பெண்ணுக்குச் சாதகமாகப் படித்தார்கள். இத்தா காலத்துக்குள் வாழ்நாளுக்கான நியாயமான ஏற்பாட்டைக் கணவன் செய்யணும் என்று. 2002-இல் ஷமீம் ஆரா வழக்கில், காரணமும் வேண்டும், இருதரப்பு மத்தியஸ்தமும் நடந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தலாக் செல்லாது என்றார்கள். 2017-இல் முத்தலாக் செல்லாது என்றானது. 2024 ஜூலையில், முஸ்லிம் பெண்ணும் பொதுச் சட்டப்படி ஜீவனாம்சம் கேட்கலாம் என்று மறுபடி சொன்னார்கள். ஷா பானுவில் சொன்னதைத் திரும்பச் சொல்ல 39 வருஷம்.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் 2010-இல் அக்கா கையிலிருந்த தாள் சட்டப்படி வெற்றுத் தாள். மத்தியஸ்தமும் இல்லை, காரணமும் இல்லை. ஆனால் அந்தத் தாளைக் காட்டி அந்த ஆள் வேறொரு ஊரில் தஃப்தரில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் பண்ணிவிட்டான். இவர் போலீஸுக்குப் போனார். "இதெல்லாம் உங்க ஜமாஅத்துல பேசிக்கோங்கம்மா." ஜமாஅத்துக்குப் போனார். "போலீஸுக்குப் போனவளுக்கு இங்கே என்ன பேச்சு?" அதையும் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்துச் சொன்னார்கள். அரசும் ஜமாஅத்தும் எதிரிகள் என்று சொல்கிறார்களே, அந்த அக்காவுக்கு ரெண்டு பேரும் கைகோத்து நிற்பதாகத்தான் தெரிந்தது. நமக்கு இது புதுசா என்ன? ஊர்ப் பஞ்சாயத்தில் சேரிக்காரனை நிறுத்தும் இடமும் இதேதான். ஸ்டேஷனில் "ஊருக்குள்ள சமாதானமாப் போங்கலே" என்று சொல்வதும் இதே குரல்தான்.

அப்புறம் நீதிமன்றங்கள் விழித்தன. ஃபத்வாவுக்குச் சட்ட வலு இல்லை என்று 2014-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2016 டிசம்பரில் சென்னை அண்ணா சாலைப் பள்ளிவாசலில் நடந்த ஷரீஅத் மன்றம் பற்றிய வழக்கில், வழிபாட்டிடத்தில் நீதிமன்றம் நடத்தக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. வழக்கறிஞர் பதர் சயீத் தொடுத்த வழக்கில் காஜியின் தலாக் சான்று வெறும் அபிப்பிராயம்தான் என்றது. அந்த 1880 சட்டம் ஞாபகம் வர 136 வருஷம். 2024 அக்டோபரில் மதுரைக் கிளை, கணவன் சொன்ன தலாக்கை மனைவி மறுத்தால் அதைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம், தனியார் ஷரீஅத் கவுன்சில் இல்லை என்றது. எல்லாம் சரி. ஆனால் 2023-இல் இன்னொன்றும் சொன்னார்கள். பெண்ணுக்குக் குலா உரிமை உண்டு, ஆனால் கவுன்சில் கொடுத்த சான்று செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்குப் போ என்று. சட்டம் சரிதான். குடும்ப நீதிமன்றத்துக்கு ஒரு வாய்தாவுக்குப் போய்வர ஒரு நாள் உப்பளக் கூலி போகும் தோழர்களே. ஜமாஅத்தில் ஒரு சாயங்காலத்தில் முடியும். ஏழைப் பெண் அங்கே போவது பக்தியினால் மட்டும் இல்லை.

2019 சட்டத்தைப் பற்றியும் சொல்லணும். முத்தலாக் சொன்னால் மூன்று வருஷம் வரை ஜெயில். மனைவியைக் கைவிட்டு ஓடுகிற இந்துவுக்கு அதற்காக ஜெயில் கிடையாது. செல்லாத வார்த்தையைச் சொன்னதற்குச் சிறை! அவன் உள்ளே போனால் ஜீவனாம்சம் யார் கொடுப்பது? பெண்ணைக் காப்பாற்றப் போட்ட சட்டமா, முஸ்லிம் ஆணைப் பிடிக்கப் போட்ட சட்டமா, நீங்களே முடிவு பண்ணுங்க.

முத்துச் சிலாபத்துக்கு அக்கரையிலும் இதே கதைதான், வேறு வேஷத்தில். இலங்கையில் 1806-லேயே முகமதியச் சட்டத் தொகுப்பு எழுதிவிட்டார்கள். 1951 சட்டப்படி அங்கே காதி நீதிமன்றம் அரசின் உறுப்பு. இங்கே காஜிக்கு அதிகாரம் இல்லை என்றார்கள், அங்கே அதிகாரத்தோடு உட்கார வைத்தார்கள். விளைவு? அந்தச் சட்டப்படி காதி ஆண்தான். கல்யாணப் பதிவில் மணப்பெண் கையெழுத்தே தேவையில்லை, வலி போட்டால் போதும். பல வருஷமாக அங்கே முஸ்லிம் பெண்கள் திருத்தம் கேட்டுப் போராடுகிறார்கள். சலீம் மர்சூஃப் குழு 2009-இல் உட்கார்ந்து 2018-இல்தான் அறிக்கை கொடுத்தது. அரசோடு சேர்த்தாலும், அரசைவிட்டுத் தள்ளி வைத்தாலும், நாற்காலியில் யார் என்பது மாறவில்லை.

அந்த நாற்காலியைத் தொட்டவர்கள் நம்ம புதுக்கோட்டைப் பெண்கள். ஷரீஃபா கானம் தொடங்கிய பெண்கள் ஜமாஅத். ஆண்கள் மட்டும் கூடித் தலாக்கும் மஹரும் பேசும் சபையில் எங்களுக்கு இடமில்லை என்றால் நாங்களே கூடுகிறோம் என்றார்கள். குர்ஆனையும் கையில் வைத்துக்கொண்டார்கள், போலீஸ் ஸ்டேஷன் படியும் ஏறினார்கள். ரெண்டில் எதையும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. நான் படித்த எந்தத் தீர்ப்பையும்விட எனக்கு இது பெரிசு.

இப்போது ரெண்டாவது தாள். பின்னால் நிற்கிற தம்பி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், இதை மட்டும் கேட்டுவிட்டுப் போங்க.

1981 பிப்ரவரி, மீனாட்சிபுரம். அன்றைய நெல்லை மாவட்டம், இப்போது தென்காசி. சாதிக் கொடுமையும் போலீஸ் தொல்லையும் தாங்காமல் சுமார் 180 குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போயின. இந்தியாவே அலறியது. வாஜ்பாய் வரைக்கும் வந்து பார்த்தார்கள். அரேபியப் பணம் என்றார்கள். சட்டம் அவர்களை என்ன செய்தது என்று யாரும் எழுதவில்லை. மாறியவனுக்குத் தகப்பன் சொத்தில் உரிமை போகாது, 1850 சட்டம் காப்பாற்றுகிறது. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டம் 26-ஆம் பிரிவைப் படியுங்க. மதம் மாறிய பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இந்து உறவினர் சொத்தில் வாரிசுரிமை கிடையாது. தாத்தா பாட்டன் கால் ஏக்கர் வைத்திருந்தால்கூடப் பேரனுக்கு இல்லை. அந்தப் பக்கம், ஷரீஅத்துப்படி முஸ்லிம் மகன் இறந்தால் இந்துவாகவே இருக்கும் தாய் வாரிசு கிடையாது. மூன்றில் ஒரு பங்குக்குள் உயில் எழுதியிருந்தால் உண்டு. எந்தக் கூலிக்காரன் உயில் எழுதுகிறான்? புருஷன் இந்துவாகவே இருக்க மனைவி மட்டும் மாறினால், 1956 இந்து ஜீவனாம்சச் சட்டத்தில் அவளுக்குரிய பராமரிப்பு உரிமை போச்சு. ஒரே குடும்பம். தாயையும் மகனையும் பேரனையும் மூன்று துண்டாக வெட்டுகிறார்கள். ஒரு கத்தியில் அரபி எழுத்து, இன்னொன்றில் அசோகச் சக்கரம்.

மேலே 1950 ஜனாதிபதி ஆணையின் மூன்றாவது பத்தி. இந்து அல்லாதவன் பட்டியல் சாதியாக முடியாது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். முஸ்லிமும் கிறித்தவரும் வெளியே. மாறினால் இடஒதுக்கீடு மட்டுமா போகிறது? 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் போகிறது. அடிக்கிறவன் பழைய சாதிப் பேரைச் சொல்லித்தான் அடிப்பான். ஸ்டேஷனில் 'நீ இப்போ முஸ்லிம்' என்பார்கள். மத விஷயத்தில் தலையிட மாட்டேன் என்கிற அரசு, யார் எந்த மதத்தில் இருந்தால் தீண்டாமை உண்டு என்று தானே ஃபத்வா கொடுக்கிறது. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது. அதைக் கேட்காமல் 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள்.

தமிழ்நாட்டில் 2007-இல் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. மரைக்காயர் உட்பட்ட லப்பை, மாப்பிள்ளை, தக்னி, துதேகுலா, ஷேக், சையத், அன்சார் என்று பட்டியல். புதிதாக வந்தவன் இதில் யார்? ஒருத்தருமில்லை. 'இதரர்' என்று எழுதினார்கள். 2024 மார்ச்சில் தமிழக அரசு, பட்டியல் சாதியிலிருந்தும் பிற்பட்டோரிலிருந்தும் இஸ்லாத்துக்கு வந்தவர்களைப் பிற்பட்ட முஸ்லிமாகக் கருதலாம் என்று ஆணை போட்டது. நல்லது. அதற்குள் அக்கா மகனின் படிக்கிற வயது போய்விட்டது. ஜமாஅத்துக்காரர்களையும் விடமுடியாது. 'எங்களில் சாதி இல்லை' என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு, பெண் எடுக்கும்போது மட்டும் பூர்வீகம் விசாரிப்பது எந்த ஷரீஅத்?

அப்போ பொது சிவில் சட்டம் வேண்டுமா என்று கேட்பீங்க. உத்தராகண்டில் 2025 ஜனவரியிலிருந்து நடக்கிறது. சேர்ந்து வாழ்கிற ஜோடியெல்லாம் அரசிடம் பதிவு செய்யணுமாம். பதிவுப் புத்தகம் கலப்பு ஜோடிகளை என்ன செய்யும் என்று தர்மபுரியைப் பார்த்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஜமாஅத்தை எதிர்க்கிற பேரில் அந்தக் கூட்டத்தோடு நிற்க முடியாது. அவர்களை எதிர்க்கிற பேரில் அந்தப் பச்சை முத்திரைத் தாளுக்குக் காவல் நிற்கவும் முடியாது. ஜமாஅத் சபையில் பெண்ணுக்கும் புதிதாக வந்தவனுக்கும் நாற்காலி. கூலி இழக்காமல் ஏறக்கூடிய நீதிமன்றம். 1950 ஆணையின் மூன்றாம் பத்தியும் 26-ஆம் பிரிவும் போகணும். நாம் கேட்பதற்கு இவ்வளவு இருக்கிறது.

அக்காவுக்கு என்ன ஆச்சு என்று கேட்பீங்க. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஜீவனாம்சம் போட்டோம். ரெண்டு வருஷம் அலைந்து மாதம் 1,500 ரூபாய்க்கு ஆர்டர் வாங்கினார். ஏழு மாதம் வந்தது, நின்றுபோச்சு. நிலுவைக்கு மறுபடி மனுப் போட்டிருக்கோம். மகன் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலி.

ஒரு அறிவிப்பு. காஜி தாள், ஜமாஅத் தாள், திருப்பி அனுப்பிய சாதிச் சான்று மனு, எது இருந்தாலும் சனிக்கிழமை சாயங்காலம் சங்க அறைக்குக் கொண்டு வாங்க. சட்டம் படிக்கிற தம்பி தங்கச்சிகள் ரெண்டு பேர் உட்காருவாங்க. அசலைக் கொண்டுவர வேண்டாம், செராக்ஸ் போதும்.